சம சம்பளம் கொடுத்த குற்றமும் கொடுக்காத குற்றமும் (பாப்லர் முதல் பர்மிங்ஹாம் வரை)

நகராட்சி என்றதும் நினைவுக்கு வருவது குழாய்த் தண்ணீர், தெரு விளக்கு, குப்பை வண்டி, வீட்டு வரி ரசீது. அதே நகராட்சி ஒரு முதலாளியும் கூட என்பதை யாரும் அவ்வளவாக யோசிப்பதில்லை. தெருக் கூட்டுபவர், குப்பை அள்ளுபவர், பள்ளியில் சமைப்பவர், அலுவலக குமாஸ்தா என்று பல நூறு பேர், பெரிய ஊர்களில் பல ஆயிரம் பேர், அதனிடம் சம்பளம் வாங்குகிறார்கள்.

ஆனால் இந்த முதலாளிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மில் முதலாளி தன் தொழிலாளிக்கு நாலு காசு கூடுதலாகக் கொடுத்தால் அது அவர் பணம், யாரும் கேட்க முடியாது. நகர மன்றம் கொடுக்கும் ஒவ்வொரு காசும் ஊர் மக்களின் வரிப்பணம். அப்படியானால் சட்டப்படி அதன் முதல் பொறுப்பு யாருக்கு? வரி கட்டுபவருக்கா, வேலை செய்பவருக்கா?

இந்தக் கேள்விக்கு பிரிட்டனின் நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டுக்குள் இரண்டு நேர் எதிரான பதில்களைச் சொல்லியிருக்கின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குறைந்தபட்ச சம்பளம் கொடுத்த ஒரு நகர மன்றத்தை 1925ல் சட்டம் தண்டித்தது. பெண்களுக்குச் சம சம்பளம் கொடுக்காமல் விட்ட இன்னொரு மாநகர மன்றம் 2023ல் கஜானா காலி என்று கைவிரித்தது. இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பாப்லர். லண்டனின் கிழக்கே, தேம்ஸ் நதிக்கரையில், கப்பல் துறைகளைச் சுற்றி அமைந்த ஏழைப் பகுதி அது. துறைமுகத்தில் அன்றன்று காலையில் வரிசையில் நின்று, மேஸ்திரி கை காட்டினால்தான் வேலை. இல்லையென்றால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். முதல் உலகப் போர் முடிந்து 1919 நவம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இங்கே தொழிற்கட்சி மொத்தம் 42 இடங்களில் 39 இடங்களைப் பிடித்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள். பெண்களும் இருந்தார்கள். நகர மன்றத்தை நடத்துவது என்றால் என்ன என்று அதுவரை பார்த்திராத ஆட்கள் அவர்கள். தொழிலாளியாக இருப்பது என்றால் என்ன என்று நன்றாகவே தெரிந்தவர்கள்.

1920 மே மாதம் பாப்லர் மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. தன்னிடம் வேலை செய்யும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் வாரத்துக்குக் குறைந்தது 4 பவுண்டு சம்பளம். ஆணோ பெண்ணோ, அதே 4 பவுண்டு. அந்தக் காலத்தில் ஒரே வேலை செய்தாலும் பெண்ணுக்குக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். குடும்பத்தைக் காப்பாற்றுபவன் ஆண், பெண்ணின் சம்பளம் கைச்செலவுக்கு என்பது எழுதாத விதி. போரில் கணவனைப் பறிகொடுத்த பெண்கள் தெருவுக்குத் தெரு இருந்த ஊரில் அந்த விதிக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைநிலைப் பெண் ஊழியர்களுக்கு இந்தத் தீர்மானத்தால் கிடைத்த உயர்வுதான் மிகப் பெரியது.

அடுத்த வருடமே பாப்லர் வேறொரு காரணத்துக்காக உலகப் புகழ் பெற்றுவிட்டது. அப்போது லண்டனில் ஒவ்வொரு பகுதியும் தன் ஏழைகளைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பணக்காரப் பகுதியான வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பென்னி வரி போட்டால் வசூலாகும் தொகை, பாப்லரில் அதே ஒரு பென்னி வரியில் வசூலாவதைப் போல் எட்டு மடங்குக்கும் மேல். ஆனால் வேலையில்லாதவர்கள் குவிந்து கிடந்தது பாப்லரில். ஆகவே லண்டன் கவுன்டி மன்றம், போலீஸ், குடிநீர் வாரியம் போன்றவற்றுக்காக வசூலித்துக் கட்ட வேண்டிய வரியை வசூலிக்கவே மாட்டோம் என்று 1921ல் பாப்லர் மன்றம் மறுத்துவிட்டது. நீதிமன்ற உத்தரவை மீறியதற்காக 30 உறுப்பினர்கள் அந்த செப்டம்பரில் சிறைக்குப் போனார்கள். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறையில், பெண்கள் 5 பேர் ஹாலோவே சிறையில். வேடிக்கை என்னவென்றால், மன்றக் கூட்டங்கள் சிறைக்குள்ளேயே நடந்தன! ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வண்டியில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வந்து கூட்டம் போட்டார்கள். ஆறு வாரத்தில் அரசு இறங்கி வந்தது. பணக்காரப் பகுதிகளும் ஏழைகளின் செலவில் பங்கு ஏற்கும்படி சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. சிறைக்குப் போன ஐந்து பெண்களில் ஒருவரான மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜ் லான்ஸ்பரியின் மருமகள், 1922 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். வயது 32.

இந்த வரிப் போராட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சம்பள வழக்கு அதன் நிழலில் மறைந்துவிட்டது. ஆனால் சட்டத்தில் நின்று நிலைத்தது சம்பள வழக்குதான்.

1920ல் உச்சத்தில் இருந்த விலைவாசி, 1921, 1922ல் சரசரவென்று இறங்கியது. தொழிலாளர் சந்தையிலும் கூலி இறங்கியது. எல்லா முதலாளிகளும் சம்பளத்தைக் குறைத்தார்கள். பாப்லர் மன்றம் மட்டும் 4 பவுண்டில் கை வைக்கவில்லை. இங்கேதான் மாவட்டத் தணிக்கையாளர் உள்ளே வருகிறார். பிரிட்டனில் உள்ளாட்சிக் கணக்கைத் தணிக்கை செய்ய அரசு நியமித்த அதிகாரிக்குப் பெரிய அதிகாரம் இருந்தது. சட்டத்துக்குப் புறம்பான செலவு என்று அவர் கருதினால் அதைத் தள்ளுபடி செய்து, அந்தத் தொகையைச் செலவுக்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர்களின் சொந்தப் பையிலிருந்தே வசூலிக்கலாம். சர்சார்ஜ் என்று பெயர். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் தண்டத்தீர்வை என்பார்களே, அதே சங்கதி. போருக்கு முந்தைய சம்பளத்தை எடுத்து, விலைவாசி உயர்வைக் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் தாராளமும் காட்டிக் கணக்குப் போட்ட தணிக்கையாளர், 1922 மார்ச்சில் முடிந்த கணக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு அதிகச் சம்பளம் என்று தீர்மானித்து அதை உறுப்பினர்கள் தலையில் கட்டினார். வாரத்துக்கு 4 பவுண்டு பெரிய சம்பளமாகத் தெரிந்த ஊரில் 5,000 பவுண்டு!

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பாப்லரின் வாதம் எளிமையானது. மன்றம் தன் ஊழியர்களுக்கு எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதை 1855ஆம் வருடத்துப் பெருநகர நிர்வாகச் சட்டம் சொல்கிறது. எவ்வளவு கொடுப்பது பொருத்தம் என்று மன்றம் நினைக்கிறதோ, அவ்வளவு கொடுக்கலாம். நினைத்தோம், கொடுத்தோம். பொது அமைப்பு என்பது மற்ற முதலாளிகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும், வயது வந்த ஒருவர் கௌரவமாக வாழ இதற்குக் குறைந்த சம்பளம் போதாது, இதைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கினோம் என்றும் சொன்னார்கள். முதல் கட்டத்தில் தணிக்கையாளர் ஜெயித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மன்றம் ஜெயித்தது. கடைசியில் வழக்கு அன்றைய உச்ச பீடமான பிரபுக்கள் சபைக்குப் போனது. ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட் என்ற பெயரில் இன்றைக்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இதுதான். ராபர்ட்ஸ் அந்தத் தணிக்கையாளர், ஹாப்வுட் மன்ற உறுப்பினர்களில் ஒருவர்.

1925 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக மன்றத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். பொருத்தம் என்று நினைக்கும் சம்பளம் என்றால் மனம்போன சம்பளம் என்று அர்த்தமல்ல, நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள். இதுவரை சரி, யாரும் பெரிதாக மறுக்க மாட்டார்கள். நியாயமான அளவு எது என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. சந்தையில் அந்த வேலைக்கு என்ன கூலியோ, அதை ஒட்டியதுதான் சம்பளம். அதற்கு மேல் கொடுப்பது சம்பளமே அல்ல, ஊரார் பணத்தில் கொடுக்கும் அன்பளிப்பு. மன்றம் என்பது வரி கட்டுபவர்களின் பணத்தை வைத்துப் பாதுகாக்கும் தர்மகர்த்தா போன்றது, தர்மகர்த்தா தன் கொள்கைக்காகத் தாராளம் காட்டக்கூடாது. நீதிபதிகளில் ஒருவரான அட்கின்சன் பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். சோஷலிசப் பரோபகாரம் என்ற விசித்திரக் கொள்கையும், ஆண் பெண் சம்பளத்தைச் சமமாக்க வேண்டும் என்ற பெண்ணிய ஆசையும் மன்றத்தை வழிதவற வைத்துவிட்டன என்ற பொருளில் அவர் எழுதியது, நூறு வருடம் கழித்தும் சட்டப் புத்தகங்களில் கேலியாக எடுத்துக்காட்டப்படுகிறது.

அந்த வருடத்தின் நிலவரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1925ல் பிரிட்டனில் 30 வயதுக்குக் கீழ் உள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. அது வந்தது 1928ல். பெண்கள் வழக்கறிஞர் ஆகலாம் என்று சட்டம் வந்தே ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. ஆகவே அட்கின்சன் பிரபு சொன்னது அவருடைய தனிப்பட்ட கிறுக்கு அல்ல, அன்றைய பெரிய மனிதர்களின் பொதுக் கருத்து. மன்றத்தின் பக்கமும் ஒரு பலவீனம் இருந்ததைச் சொல்லியாக வேண்டும். விலைவாசி இறங்கிய பிறகும் ஏன் அதே 4 பவுண்டு என்ற கேள்விக்குத் தனித்தனி வேலையாக ஆராய்ந்து பதில் சொல்லும் எந்தக் கணக்கும் அவர்களிடம் இல்லை. நீதிபதிகள் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சந்தைக் கூலியே நியாயக் கூலி என்று எடுத்துக்கொண்டதற்கு அவர்களிடமும் தனியாகக் கணக்கு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தத் தீர்ப்பு பல காலம் உள்ளாட்சிகளின் கழுத்தில் தொங்கியது. 1950களில் பர்மிங்ஹாம் மாநகராட்சி முதியவர்களுக்குத் தன் பேருந்துகளில் இலவசப் பயணம் கொடுத்தது. வரி கட்டும் ஒருவர் வழக்குப் போட்டார். பாப்லர் தீர்ப்பைக் காட்டி, இது ஊரார் பணத்தில் தர்மம் செய்வது என்று நீதிமன்றம் நிறுத்திவிட்டது. பிறகு 1955ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தச் சலுகையைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. (2021லிருந்து நகரப் பேருந்தில் இலவசமாகப் பயணம் செய்யும் தமிழ்நாட்டுப் பெண்கள் அந்த நீதிபதிகளிடம் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!) 1979 குளிர்கால வேலைநிறுத்தத்தின் போது லண்டனின் கேம்டன் மன்றம் மற்ற ஊர்களுக்கு முந்திக்கொண்டு, 35 மணி நேர வாரத்துக்கு 60 பவுண்டு என்று தன் ஊழியர்களோடு உடன்பாடு செய்தது. தணிக்கையாளர் மறுபடியும் நீதிமன்றம் போனார். இந்த முறை நீதிமன்றம் அவர் பக்கம் நிற்கவில்லை. வேலைநிறுத்தத்தை முடிக்க ஒரு முதலாளி செய்யும் சமரசம் அது, சட்டவிரோதம் அல்ல என்றது. காற்று மாறிவிட்டது.

காற்று மாறியதற்குப் பெரிய காரணம், முதலாளி என்ற முறையில் மன்றத்தின் மீது நாடாளுமன்றமே புதிய கடமைகளை ஏற்றத் தொடங்கியது. பாப்லருக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் உள்ள டாகன்ஹாமில், ஃபோர்டு கார் தொழிற்சாலையில் இருக்கை உறை தைத்த பெண்கள் 1968ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். 1970ல் சம ஊதியச் சட்டம் வந்தது. முதலாளிகள் தயாராகிக்கொள்ள ஐந்து வருட அவகாசம் கொடுத்து, 1975 டிசம்பர் 29 முதல் அது அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டத்தின் நெளிவு சுளிவு தெரிந்தால்தான் பின்கதை புரியும். ஒரே வேலை செய்யும் ஆணும் பெண்ணும் ஒரே சம்பளம் வாங்க வேண்டும் என்பது அதன் முதல் வழி. ஆனால் பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து வேலை செய்யும் இடத்தில் ஒப்பிட ஆணே கிடைக்கமாட்டான். பள்ளிச் சமையலறையில் எத்தனை ஆண்கள்? அதற்காக இரண்டாவது வழி. முறையான வேலை மதிப்பீட்டில் இரண்டு வெவ்வேறு வேலைகள் சம தரம் என்று வந்திருந்தால் சம்பளமும் சமமாக வேண்டும். மூன்றாவதாக, மதிப்பீடே நடக்காவிட்டாலும் இரண்டு வேலைகளின் மதிப்பும் ஒன்றுதான் என்று பெண் வழக்குப் போடலாம். ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பால் 1984லிருந்து சேர்ந்த வழி இது. வித்தியாசத்துக்கு ஆண் பெண் பேதமல்லாத உண்மையான காரணம் உண்டு என்று நிரூபித்தால் முதலாளி தப்பிக்கலாம்.

உள்ளாட்சிகளில் சிக்கல் எங்கே ஒளிந்திருந்தது? போனஸில். 1960களின் இறுதியில் அரசின் விலை வருமான வாரியம், உள்ளாட்சிக் கடைநிலைத் தொழிலாளர்களின் சம்பளம் குறைவு, உற்பத்தித் திறனுக்கு போனஸ் கொடுத்து அதை உயர்த்துங்கள் என்று யோசனை சொன்னது. எத்தனை குப்பைத் தொட்டி காலி செய்தார், எத்தனை அடி சாலை போட்டார் என்று எண்ணலாம். ஆகவே குப்பை அள்ளும் ஆண்களுக்கும் சாலைப் பணி ஆண்களுக்கும் போனஸ் வந்தது. படுத்த படுக்கையான ஒரு கிழவரை எழுப்பிக் குளிப்பாட்டிச் சோறூட்டும் பெண்ணின் வேலையை எப்படி எண்ணுவது? எண்ண முடியாததால் போனஸ் இல்லை. காலப்போக்கில் எண்ணுவதும் நின்றுபோனது. வேலை கூடினாலும் குறைந்தாலும் போனஸ் மட்டும் மாதா மாதம் வந்துகொண்டே இருந்தது. பெயர்தான் போனஸ், உண்மையில் ஆண்களுக்கான தனிச் சம்பளம். 1987ல் நாடு தழுவிய வேலை மதிப்பீடு நடந்து, பள்ளிச் சமையல் பெண்ணும் தெருக் கூட்டும் ஆணும் சம தரம் என்று தாளில் வந்தது. அடிப்படைச் சம்பளம் ஒன்றாயிற்று. மேலே உட்கார்ந்திருந்த போனஸை யாரும் தொடவில்லை.

இதற்கு நடுவில் மார்கரெட் தாட்சர் அரசு 1988ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பள்ளி உணவு, துப்புரவு போன்ற வேலைகளை மன்றங்கள் தாங்களே வைத்துக்கொள்ளக்கூடாது, டெண்டர் விட வேண்டும். மன்றத்தின் சொந்தப் பிரிவும் தனியாரோடு போட்டி போட்டுத்தான் அந்த வேலையை எடுக்க வேண்டும். நார்த் யார்க்‌ஷயர் கவுன்டி மன்றம் இந்தப் போட்டியில் ஜெயிக்க ஒரு சுலப வழி கண்டுபிடித்தது. பள்ளிச் சமையல் பெண்களை வேலையிலிருந்து நீக்கி, குறைந்த சம்பளத்தில் திரும்ப எடுத்துக்கொண்டது. தெருக் கூட்டும் ஆண்கள், தோட்ட வேலை ஆண்கள் சம்பளம் அப்படியே இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்காகச் சிலர் வழக்குப் போட்டார்கள். மன்றத்தின் பதில்: தனியார் நிறுவனங்கள் இவ்வளவுதான் கொடுக்கின்றன, சந்தைக் கூலி இதுதான், நாங்கள் கூடக் கொடுத்தால் டெண்டர் கையை விட்டுப் போய் இவர்கள் வேலையே போய்விடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மேல்முறையீட்டின் இரண்டு கட்டங்களில் இது ஏற்கப்படவும் செய்தது.

1995 ஜூலையில் வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. பெண்கள் ஜெயித்தார்கள். அந்தத் தனியார் சந்தையில் கூலி குறைவாக இருந்ததே அங்கே வேலை செய்தவர்கள் எல்லாம் பெண்கள் என்பதால்தான், அதைக் காரணமாகக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது சபை. சரியாக எழுபது வருடம். அதே பிரபுக்கள் சபை. 1925ல் சந்தைக் கூலிக்கு மேல் கொடுத்தது குற்றம். 1995ல் சந்தைக் கூலியளவுக்குக் குறைத்தது குற்றம்!

தீர்ப்பைப் பார்த்துப் பயந்தோ என்னவோ, 1997ல் தொழிற்சங்கங்களும் மன்றங்களும் ஒரு தேசிய உடன்பாட்டுக்கு வந்தன. கடைநிலைத் தொழிலாளர், அலுவலக ஊழியர் என்ற பிரிவை ஒழித்து, எல்லா வேலைகளையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட்டு, ஒரே கிரேடு முறைக்குள் கொண்டுவருவது. நல்ல திட்டம். ஆனால் அதற்கு லண்டன் அரசு தனியாகப் பணம் கொடுக்கவில்லை. பெண்களின் சம்பளத்தை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் ஆண்களின் போனஸை வெட்ட வேண்டும். முதலாவதற்குக் காசில்லை, இரண்டாவதற்குத் துணிச்சலில்லை. குப்பை வண்டி ஒரு வாரம் நின்றால் ஊர் நாறும் என்பது எல்லா மேயருக்கும் தெரியும். பெரும்பாலான மன்றங்கள் தள்ளிப் போட்டன. 2007 மார்ச் என்று கெடு வைத்தும் பல ஊர்களில் முடியவில்லை. இதற்குள் 2003ல் இன்னொரு மாற்றம். இரண்டு வருடப் பாக்கி வரை மட்டுமே கேட்க முடியும் என்றிருந்த வரம்பு ஆறு வருடமாயிற்று. தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் கடனில் சேர்ந்தது.

தொழிற்சங்கங்கள் இங்கே என்ன செய்தன என்பது கொஞ்சம் கசப்பான அத்தியாயம். பெண்களின் பழைய பாக்கிக்குக் கறாராக நின்றால் மன்றம் திவாலாகும், வேலைகள் போகும், ஆண்களின் சம்பளம் இறங்கும் என்று நினைத்த சங்கங்கள், பாக்கியைக் குறைத்து வாங்கிக்கொள்ளும்படி பெண்களைத் தேற்றின. மிடில்ஸ்பரோ மன்றத்தின் பெண் ஊழியர்கள் தங்கள் சொந்த சங்கமான ஜிஎம்பி மீதே வழக்குப் போட்டார்கள். 2008ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தும் விட்டார்கள். அதன் பிறகு எந்த சங்கமும் உறுப்பினரிடம் பாக்கியை விட்டுக்கொடு என்று சொல்லத் தயங்கியது. சமரசம் என்ற கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. வழக்கு ஒன்றுதான் வழி.

பர்மிங்ஹாமுக்கு வருவோம். பிரிட்டனின் மிகப் பெரிய உள்ளாட்சி மன்றம் அது. அங்கே சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு வேலைகளில் இருந்த நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் 2010ல் தீர்ப்பாயத்தில் ஜெயித்தார்கள். அதே கிரேடில் இருந்த சில ஆண்கள் அடிப்படைச் சம்பளத்தையே மிஞ்சும் அளவுக்கு போனஸ் வாங்கிய விவரம் வெளியே வந்தது. அடுத்ததாக, எப்போதோ வேலையை விட்டுப் போன 174 பேர் வந்தார்கள். அவர்களில் 4 பேர் ஆண்கள். தீர்ப்பாயத்துக்குப் போக வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், இவர்கள் அதைத் தாண்டிவிட்டார்கள். ஆகவே ஒப்பந்த மீறல் என்று சாதாரண நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், அங்கே ஆறு வருட அவகாசம் உண்டு. பிரபுக்கள் சபையின் இடத்துக்கு வந்திருந்த புதிய உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அது செல்லும் என்றது. ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம். அதில் பிரிட்டன் முழுக்க உள்ள மன்றங்களின் கடன் பல மடங்கானது.

பர்மிங்ஹாம் 2012க்குப் பிறகு கொடுத்த சம ஊதியப் பாக்கி மட்டும் சுமார் 110 கோடி பவுண்டு. இதற்குப் பணம் திரட்ட, தன் பெருமைக்குரிய தேசியக் கண்காட்சி மைய நிறுவனத்தை 2015ல் விற்றது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ மன்றமும் இதே பாதைதான். 2018 அக்டோபரில் சுமார் எட்டாயிரம் பெண்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது குப்பை அள்ளும் ஆண்கள் பலர் பெண்களின் மறியலைத் தாண்டிப் போக மாட்டோம் என்று வண்டியை எடுக்காமல் நின்றார்கள். இந்தக் கதையில் மனதுக்கு இதமான இடம் என்றால் அது ஒன்றுதான். அடுத்த வருடம் கிளாஸ்கோ 50 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதற்காகத் தன் கட்டிடங்களைத் தானே விற்று, அவற்றிலேயே வாடகைக்கு உட்கார்ந்தது.

பர்மிங்ஹாம் இவ்வளவு அடிபட்டும் பாடம் படிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். குப்பைப் பிரிவில் ஒரு பழக்கம் தொடர்ந்தது. அன்றைய சுற்று முடிந்தால் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம், சம்பளம் முழு நாளுக்கு. பராமரிப்பு வேலைப் பெண்களுக்கு அப்படி ஒரு வசதி கிடையாது. ஆக மீண்டும் போனஸ்தான், இந்த முறை மணிக்கணக்கில். 2017ல் மன்றம் குப்பைப் பிரிவைச் சீரமைக்கப் போனபோது நீண்ட வேலைநிறுத்தம் வெடித்தது. அதை முடிக்க ஒரு புதிய பதவியை உருவாக்கிக் கொடுத்தது. பெண்கள் அதையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

2023 ஜூனில் மன்றம் ஒரு கணக்கை வெளியிட்டது. இன்னும் கொடுக்க வேண்டிய சம ஊதியப் பாக்கி 65 கோடி முதல் 76 கோடி பவுண்டு வரை இருக்கலாம், அது மாதா மாதம் ஏறிக்கொண்டும் இருக்கிறது. செப்டம்பர் 5 அன்று 114ஆம் பிரிவு அறிவிப்பு வந்தது. பிரிட்டனில் உள்ளாட்சி மன்றம் கம்பெனியைப் போல திவாலாக முடியாது. கணக்கு இனி ஒத்துவராது என்று நிதி அதிகாரி இந்த அறிவிப்பைக் கொடுத்தால், சட்டம் கட்டாயமாக்கிய சேவைகளைத் தவிர புதுச் செலவு எதுவும் கூடாது. அக்டோபரில் மத்திய அரசு ஆணையர்களை அனுப்பியது. பாக்கி ஒன்றே காரணமல்ல. ஆண்டுக்கணக்காக வெட்டப்பட்ட மானியமும், சொதப்பிய ஒரு கணினிக் கணக்குத் திட்டமும் பங்கு வகித்தன. அந்த 76 கோடி என்ற மதிப்பீடே மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் கணக்கியல் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள்.

பாப்லரோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் உறுத்துகிறது. 1925ல் உறுப்பினர்கள் சொந்தப் பணத்தில் பொறுப்பு. அந்த சர்சார்ஜ் முறையை இங்கிலாந்தில் 2000ஆம் வருடச் சட்டம் ஒழித்துவிட்டது. எனவே பர்மிங்ஹாமில் இருபது வருடம் தள்ளிப்போட்ட யாரும் ஒரு பவுண்டு கூடக் கையிலிருந்து கொடுக்கவில்லை. 2024ல் வீட்டு வரி ஒரேயடியாக ஏறத்தாழ 10 சதவீதம் ஏறியது. நூலகங்களிலும் இளைஞர் சேவைகளிலும் கத்தி விழுந்தது. முதியோர் பராமரிப்புக்கும் குழந்தைகள் சேவைக்கும் மன்றத்தை அதிகம் நம்பியிருப்பவர்கள் ஏழை வீடுகள். பாக்கி வாங்க வேண்டிய பெண்களில் பலர் அதே வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

2024ல் சுமார் ஆறாயிரம் பெண்களின் கோரிக்கைக்கு சங்கங்களோடு உடன்பாட்டு வரைவு ஏற்பட்டது. அடுத்து, 2017ல் சமரசமாக உருவாக்கிய அந்தக் குப்பைப் பிரிவுப் பதவியை மன்றம் ரத்து செய்தது. அதை வைத்திருந்தால் மறுபடி சம ஊதிய வழக்கு வரும் என்பது மன்றத்தின் வாதம். எங்கள் ஆட்களுக்கு வருடத்துக்கு எட்டாயிரம் பவுண்டு வரை போகிறது, சம ஊதியத்தைச் சாக்காகச் சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிறார்கள் என்பது யுனைட் சங்கத்தின் வாதம். அவ்வளவு போகாது என்று மன்றம் மறுத்தது. 2025 மார்ச் 11 முதல் முழு வேலைநிறுத்தம் தொடங்கியது. மாதக் கடைசியில் தெருக்களில் 17,000 டன் குப்பை தேங்கிக் கிடப்பதாகச் சொல்லி மன்றம் அவசர நிலை அறிவித்தது.